எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே விண்ணப்பம்

அன்புள்ள ஐயா,

வணிகவியல் படித்துவிட்டு இரண்டு ஆண்டுகள் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். வங்கிச் சரிகட்டும் பட்டியலும் (வங்கிக் கணக்கையும் நிறுவனத்தின் கணக்கையும் ஒப்பிட்டுப் பார்ப்பது) வாடிக்கையாளர் பாக்கியும் என் பொறுப்பு. நிறுவனம் மூடப்பட்டு ஓராண்டு ஆகிறது. கண்ணில் படும் அறிவிப்புக்கெல்லாம் விண்ணப்பிக்கிறேன், பதிலே இல்லை. சிபாரிசு இல்லாதவனுக்கு வேலை கிடைக்காதா? என் சுயவிவரத்தை இணைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு மின்னஞ்சல் வந்தது. நேர்காணல் இல்லாமலே தேர்வாகிவிட்டேனாம், பணி ஆணை பெற வைப்புத்தொகை கட்ட வேண்டுமாம். கட்டலாமா?

ச.

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரு காசும் கட்டாதீர்கள். நேர்காணல் வைக்காமல் தேர்வு செய்து பணம் கேட்பது மோசடிக்காரர்களின் வழக்கம். நிறுவனத்தின் பெயர் உண்மையாகவே இருக்கலாம், பெயரைத் திருடுவது எளிது. மின்னஞ்சல் முகவரியின் பின்பாதி அந்நிறுவனத்தின் இணையதள முகவரியோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனாலும் பணம் அனுப்ப வேண்டாம்.

இனி உங்கள் சுயவிவரம். ‘முன்னேறும் நிறுவனம் ஒன்றில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்’ என்று தொடங்குகிறீர்கள். அது உங்கள் விருப்பம். ஆள் எடுப்பவரின் கவலை வேறு. மாதக் கணக்கு நேரத்துக்கு முடியவில்லை, பாக்கி வசூலாகவில்லை என்பதால்தான் அவர் அறிவிப்பே கொடுத்திருப்பார்.

லியனார்டோ டா வின்சி 1482 வாக்கில் மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவிடம் வேலை கேட்டு எழுதிய கடிதத்தின் வரைவு இன்றும் இருக்கிறது. கையோடு கொண்டுசெல்லும் பாலங்கள், அகழி நீரை வடிக்கும் வழி, பீரங்கிகள் என்று போருக்கு உதவுவதையெல்லாம் முதலில் அடுக்குகிறார். சிற்பமும் ஓவியமும் கடைசியில்தான் வருகின்றன. ஐயமிருந்தால் உங்கள் தோட்டத்திலேயே செய்துகாட்டுகிறேன் என்கிறார். எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று யோசித்து எழுதப்பட்ட அந்தக் கடிதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

உங்கள் சுயவிவரத்தில் ‘கணக்குப் பிரிவில் பணியாற்றினேன்’ என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது. எனக்கு எழுதிய கடிதத்தில் அதைவிட அதிகம் சொல்லியிருக்கிறீர்கள்! ‘நாற்பது வாடிக்கையாளர்களின் நிலுவையைக் கவனித்தேன், மூன்று மாதத்தைத் தாண்டிய பாக்கியைப் பாதியாகக் குறைத்தேன்’ என்பதுபோல எழுதிப் பாருங்கள். எண்கள் உங்களுடையவையாக, உண்மையானவையாக இருக்க வேண்டும். நேர்காணலில் கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும்.

பெரிய நிறுவனங்கள் பலவற்றில் விண்ணப்பத்தை முதலில் வாங்கிப் பிரிப்பது மென்பொருள். பக்கத்தை இரண்டாகப் பிரித்த அமைப்பு, பெட்டிகள், படமாக ஒட்டிய எழுத்து ஆகியவற்றில் அது தடுமாறக்கூடும். உங்கள் பிடிஎஃப் கோப்பிலிருந்து எல்லாவற்றையும் நகலெடுத்து வெற்றுப் பக்கத்தில் ஒட்டிப் பார்த்தேன். கைபேசி எண் பட்டப்படிப்புக்கு நடுவில் போய் விழுந்தது. அலங்காரத்தை எடுத்துவிட்டு மேலிருந்து கீழாக எழுதுங்கள். நீங்கள் செய்த வேலையை அறிவிப்பில் எந்தச் சொல்லால் குறிக்கிறார்களோ அதே சொல்லால் குறிப்பிடுங்கள். இதற்கு ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் நேரம் பிடிக்கும், எண்ணிக்கை குறையும். குறையட்டும்.

ஓராண்டு இடைவெளியை மறைக்க வேண்டாம். நிறுவனம் மூடப்பட்டது என்று ஒரு வரி போதும்.

சிபாரிசு இல்லாமலும் வேலை கிடைக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் ஒருவர் விண்ணப்பத்தை உரியவரிடம் சேர்த்தால் அது படிக்கப்படும் வாய்ப்பு கூடுகிறது என்பதும் உண்மை. உங்களுக்கு அப்படி யாரும் இல்லை என்று நான் நினைக்கவில்லை. மூடப்பட்ட நிறுவனத்தில் உங்களோடு இருந்தவர்கள் இப்போது வேறு வேறு இடங்களில் இருப்பார்கள். அவர்களுக்கு எழுதுங்கள். ‘ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று பொதுவாகக் கேட்டால் நல்ல மனம் உள்ளவருக்கும் என்ன செய்வதென்று தெரியாது. அவர் இருக்கும் நிறுவனத்தின் அறிவிப்பு ஒன்றை எடுத்து, பணியின் பெயரைக் குறிப்பிட்டு, அதற்கென்று எழுதிய சுயவிவரத்தையும் இணைத்து, உரியவரிடம் சேர்க்க முடியுமா என்று கேளுங்கள்.