வாசகர் கேள்வி - பதில்: லூசில் பால்

கேள்வி: 'ஐ லவ் லூசி' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரின் நாயகி லூசில் பால், இளம் வயதிலேயே புகழ் பெற்றவரா?

பதில்: இல்லை. 1911-இல் நியூயார்க் மாநிலத்தின் ஜேம்ஸ்டவுனில் பிறந்து, மூன்று வயதில் தந்தையை டைபாய்டு காய்ச்சலுக்குப் பறிகொடுத்த அவரை, பதின்பருவத்தில் சேர்ந்த நாடகப் பள்ளியே நடிப்புக்கு ஏற்றவரல்லர் என்று கருதியது. பின்னர் மாடலாகப் பணியாற்றி, 1933-இல் ஹாலிவுட்டுக்குச் சென்றவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் திரைப்படங்களில் நடித்தும் முதல் வரிசை நட்சத்திரமாகவில்லை. 1948-இல் தொடங்கிய வானொலி நகைச்சுவைத் தொடர் ஒன்றே அவருடைய திறமைக்குச் சரியான இடத்தைக் காட்டியது. 1951 அக்டோபர் 15 அன்று 'ஐ லவ் லூசி' ஒளிபரப்பாகத் தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பது.

கேள்வி: அவ்வளவு பழைய தொடர் இன்றும் தெளிவான படமாகக் கிடைப்பது எப்படி?

பதில்: வானொலித் தொடரைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவர விரும்பிய சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்திடம், கியூபாவில் பிறந்த இசைக்கலைஞரான தம் கணவர் டெசி ஆர்னஸே தொடரிலும் கணவராக நடிக்க வேண்டும் என்று லூசில் பால் வற்புறுத்தினார். நிறுவனம் தயங்கியதால், தங்களை மக்கள் ஏற்பார்கள் என்பதை மெய்ப்பிக்க, இருவரும் 1950-இல் ஊர் ஊராகச் சென்று மேடையில் நடித்தனர். அடுத்த சிக்கல் ஒளிபரப்பு முறையில் எழுந்தது. அக்காலத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் நியூயார்க்கிலிருந்து நேரலையாக ஒளிபரப்பாயின. தொலைக்காட்சித் திரையையே படம்பிடித்த மங்கலான பிரதிகள்தாம் மற்றப் பகுதிகளுக்குச் சென்றன. ஹாலிவுட்டை விட்டுச் செல்ல விரும்பாத தம்பதியர், பார்வையாளர்களை எதிரே அமர்த்தி, மூன்று கேமராக்களைக் கொண்டு 35 மி.மீ. படச்சுருளில் தொடரைப் பதிவு செய்தனர். ஒளிப்பதிவை ஏற்றவர் 'மெட்ரோபோலிஸ்' என்ற புகழ்பெற்ற ஜெர்மானிய மௌனப் படத்தில் பணியாற்றிய கார்ல் ஃபிராய்ண்ட். கூடுதல் செலவுக்கு ஈடாகத் தங்கள் ஊதியத்தைக் குறைத்துக்கொண்டு, பதிவுகளின் உரிமையை அவர்களின் டெசிலு நிறுவனம் பெற்றது. அன்று பெரிய மதிப்பில்லாததாகத் தோன்றிய அந்த உரிமை, மறு ஒளிபரப்பு என்ற வணிகம் வளர்ந்தபோது பெருஞ்செல்வமாயிற்று. லூசில் பாலின் முகபாவங்களைப் போலவே இந்த முடிவும் போற்றத்தக்கது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: அவருடைய நகைச்சுவை அந்தக் கணத்தில் தோன்றியதா?

பதில்: பார்ப்பவருக்கு அப்படித் தோன்றும். ஆனால், விரைந்து ஓடும் பட்டையில் வரும் சாக்லேட்டுகளைத் தாளில் சுற்றி முடிக்க முடியாமல் வாயிலும் உடையிலும் திணித்துக்கொள்ளும் 1952-ஆம் ஆண்டின் புகழ்பெற்ற காட்சியைப் போன்றவற்றுக்கு, கையாள வேண்டிய பொருள்களை வைத்துக்கொண்டு அவர் விடாமல் ஒத்திகை பார்ப்பார். எழுத்தாளர்களுக்குரிய பாராட்டை அவர்களுக்கே அளிக்கவும் அவர் தயங்கியதில்லை.

கேள்வி: அவர் ஸ்டுடியோ அதிபராகவும் இருந்தாரா?

பதில்: ஆம். 1960-இல் மணமுறிவு ஏற்பட்டது. 1962-இல் கணவரின் பங்குகளை வாங்கி டெசிலுவின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1966-இல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்', 'மிஷன்: இம்பாசிபிள்' ஆகிய தொடர்கள் அவருடைய தலைமையின் கீழ்தான் உருவாயின. நிறுவனத்தை 1967-இல் விற்றபின், 1974 வரை வாராந்திரத் தொடர்களில் தொடர்ந்து நடித்த அவர், 1989-இல் காலமானார்.