மூச்சிரைப்பு உள்ளவருக்குக் கால் மரத்துப்போனால்

பல்லடத்திலிருந்து 58 வயது வாசகர் கேட்கிறார்: நூல் மில்லில் பஞ்சைச் சீவும் கார்டிங் பிரிவில் 26 ஆண்டுகள் வேலை, பீடிப் பழக்கம், நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். ஓராண்டாக இரண்டு பாதமும் எரிகிறது. செருப்பு கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை. நுரையீரல் நோயால் நரம்பு கெடுமா? ஒரு முகாமில் 6,000 ரூபாய்க்குப் பத்து 'நரம்பு ஊசி' போடுகிறார்கள், போடலாமா?

கெடும். ரத்தத்தில் ஆக்சிஜன் ஆண்டுக்கணக்கில் குறைந்தே இருந்தால், நரம்புக்குத் தீனி கொடுக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பழுதாகின்றன. பாதத்துக்குப் போகும் நரம்புதான் மிக நீளமானது. முதல் அடி அதற்கே விழுகிறது. பீடியும் தன் பங்குக்குக் கெடுக்கும். மருத்துவர்களான நாங்கள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைப்பதோடு அனுப்பிவிடுகிறோம், செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

ஆனால் பழி முழுவதும் நுரையீரலுக்குச் சேராது. சர்க்கரை, வைட்டமின் பி12, தைராய்டு, சிறுநீரகம் நான்கையும் ரத்தத்தில் பார்த்துவிடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை அடிக்கடி எடுத்திருந்தால் சர்க்கரை ஏறியிருக்கலாம். இளைப்புக்கென்று பெயர் ஒட்டாத டப்பாவில் விற்கும் லேகியத்திலும் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. சாப்பிட்ட மறுநாளே மூச்சு லேசாகிறது என்றால் சந்தேகப்படுங்கள்.

ஊசிக்கு வருவோம். 'நரம்பு ஊசி' என்று போடுவதில் பெரும்பாலும் இருப்பது பி12. பி12 குறைவு என்று சோதனை சொன்னால் அது நல்ல மருந்து. சோதிக்காமலே பத்து ஊசி என்பது வியாபாரம். அதே ஊசியின் விலையை மருந்துக்கடையில் விசாரியுங்கள், மீதிப் பணம் யாருக்கு என்று புரியும். சத்து மாத்திரைகளில் இருக்கும் வைட்டமின் பி6 அளவு மிஞ்சி மாதக்கணக்கில் உள்ளே போனால், அதுவே நரம்பைக் கெடுக்கும். இதில் ஒரு விலக்கு: காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிடுபவருக்கு பி6 கட்டாயம் வேண்டும், ஏனென்றால் அந்த மருந்து உடலின் பி6-ஐத் தின்றுவிடும். அவர்கள் இதைப் படித்துவிட்டு பி6-ஐ நிறுத்தக் கூடாது. மறுபடியும் சொல்கிறேன், நிறுத்தக் கூடாது.

எரிச்சலுக்கு எழுதப்படும் காபாபென்டின், பிரிகாபலின் மாத்திரைகளில் உங்களுக்கு ஒரு கண் வேண்டும். நுரையீரல் நோயாளிகளுக்கு இவை மூச்சை மந்தமாக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 டிசம்பரில் எச்சரித்தது. தூக்க மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து கூடும். நுரையீரலுக்கு ஒரு அறை, நரம்புக்கு ஒரு அறை. இவர் எழுதியதை அவர் பார்ப்பதில்லை. சீட்டைத் தூக்கிக்கொண்டு அலைவது நோயாளியின் வேலையாகிவிட்டது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் விரல் மீட்டர் 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே காட்டினால், வீட்டு ஆக்சிஜன் தேவையா என்று நுரையீரல் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லாமல் இயந்திரம் வாங்காதீர்கள். சுடுநீரில் கால் ஊறவைக்க வேண்டாம், வெந்தாலும் தெரியாது. இரவில் பாதத்தைத் திருப்பி, புண் இருக்கிறதா என்று பாருங்கள்.

மருத்துவரிடம் போகும்போது இன்ஹேலர், மாத்திரை, லேகிய டப்பா எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டுபோய் மேசையில் கொட்டுங்கள். திட்டுவார் என்று லேகியத்தை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.