என்எஸ்-3இல் பிளாக் ஹோல் நோடு வைத்தும் பாக்கெட் டெலிவரி ஏன் குறையவில்லை?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இது: என்எஸ்-3 என்ற நெட்வொர்க் சிமுலேட்டரில், நகரும் கருவிகளே ஒன்றுக்கொன்று பாக்கெட்டைக் கடத்தும் மொபைல் அட்ஹாக் நெட்வொர்க்கில் வழி தேடித் தரும் ஏஓடிவி முறை ஓடுகிறது, ஒரு நோடை (அந்தக் கருவிகளில் ஒன்றை) 'வழி என்னிடம் இருக்கிறது' என்று பொய் சொல்லி பாக்கெட்டை வாங்கி விழுங்கும் பிளாக் ஹோலாக மாற்றி, 4294967295 என்ற சீக்வென்ஸ் நம்பரோடு (வழி எவ்வளவு புதிது என்று காட்டும் எண்) பொய் ரிப்ளை அனுப்ப வைத்தாயிற்று, ஆனாலும் பாக்கெட் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்கிறது. எம்.இ. புராஜெக்ட்டில் நானும் இதே இடத்தில் மூன்று வாரம் முட்டிக்கொண்டு நின்றேன்.

அந்த எண் சீனியர்களின் பென்டிரைவ் வழியாகக் கைமாறி வரும், முந்தைய சிமுலேட்டரான என்எஸ்-2இன் கோடில் இருப்பது. என்எஸ்-2இல் அது வேலை செய்யும். என்எஸ்-3இல் செய்யாது.

ஏஓடிவியில் அனுப்பும் நோடு (சோர்ஸ்) வழி கேட்டு ரிக்வெஸ்ட் விடும், சேரவேண்டிய நோடோ (டெஸ்டினேஷன்) வழி தெரிந்த வேறு நோடோ ரிப்ளை தரும். எந்த ரிப்ளையின் சீக்வென்ஸ் நம்பர் பெரிதோ அதுவே புதிய வழி. சமமாக இருந்தால்தான் ஹாப் எண்ணிக்கையை, அதாவது வழியில் எத்தனை தாவல் என்பதைப் பார்க்கும். என்எஸ்-2 இரண்டு எண்ணையும் குறியில்லாத 32 பிட் எண்களாக அப்படியே ஒப்பிடுகிறது, அதனால் உச்ச எண்ணை வைத்திருப்பவன் ஜெயிக்கிறான். ஆனால் ஏஓடிவியின் விதிகளைச் சொல்லும், 2003இல் வந்த ஆர்எஃப்சி 3561 ஆவணம், எண் உச்சத்தைத் தொட்டுத் திரும்பப் பூஜ்யத்துக்கு வரும் என்பதால், கழித்து வரும் விடையைக் குறியுள்ள எண்ணாகப் பார்க்கச் சொல்கிறது. என்எஸ்-3 அப்படித்தான் செய்கிறது. குறியுள்ள கணக்கில் 4294967295 என்பது வெறும் -1.

உங்கள் லாக்கில் நடப்பதைப் பாருங்கள். பிளாக் ஹோலின் ரிப்ளை முதலில் வரும். சோர்ஸிடம் பழைய எண் எதுவும் இல்லாததால் அதை ஏற்றுக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் உண்மையான டெஸ்டினேஷன் 4 என்ற எண்ணோடு பதில் அனுப்பும். 4லிருந்து -1ஐக் கழித்தால் 5. 'அட, இதுதான் புதுசு' என்று ரூட்டிங் டேபிள் மாறிவிடும். நடுவில் போன ஓரிரு பாக்கெட்தான் திருடனுக்கு மிச்சம்.

சரி, என்ன செய்யலாம்? ரிக்வெஸ்ட்டில் வந்த டெஸ்டினேஷன் எண்ணோடு 50, 100 என்று அளவாகக் கூட்டுங்கள். உச்ச எண்ணைப் போட்டுவிட்டு, 'வழக்கத்துக்கு மாறான பெரிய எண்' என்று அதையே கண்டுபிடித்து டிடெக்‌ஷன் முறை என்று சொல்லும் தீசிஸ்கள் நிறைய உண்டு. நெற்றியில் எழுதி ஒட்டிக்கொண்டு வரும் திருடனைப் பிடிப்பதில் என்ன சாமர்த்தியம்?

பாக்கெட்டைத் தூக்கிப்போடும் வரியை, பிறருடைய பாக்கெட்டைக் கடத்திவிடும் ஃபார்வர்டிங் ஃபங்ஷனுக்குள் மட்டும் வையுங்கள். 654 போர்ட்டில் வரும் ஏஓடிவியின் கன்ட்ரோல் பாக்கெட்டை (ரிக்வெஸ்ட், ரிப்ளை) தொட்டால் ரிக்வெஸ்ட்டே காதில் விழாது, பொய் சொல்லவும் முடியாது.

அப்புறம், நோடுகளை இஷ்டத்துக்கு நகர்த்தும் ரேண்டம் வேபாயின்ட் மாடலில் குறைந்தபட்ச வேகத்தைப் பூஜ்யமாக விடாதீர்கள். நேரம் ஆக ஆக சராசரி வேகம் சரிந்துகொண்டே போகும். ரேண்டம் எண்களின் வரிசையைத் தீர்மானிக்கும் ஆர்என்ஜிரன் மதிப்பை மாற்றிப் பல முறை ஓட்டுங்கள், மாற்றாவிட்டால் எத்தனை முறை ஓட்டினாலும் அதே விடைதான். இவ்வளவுக்குப் பிறகும் குறையவில்லை என்றால், உங்கள் பிளாக் ஹோல் மைதானத்தின் எந்த மூலையில் நிற்கிறது என்று, ஓட்டத்தைப் படமாகக் காட்டும் நெட்அனிமில் திறந்து பாருங்கள். என்னுடையது முதல் இரண்டு ஓட்டத்தில் யாருடைய ரேஞ்சிலுமே இல்லை.