சாயமே இல்லாமல் செடிப்பொருளிலிருந்து நிறம் வருமா?

"மயிலிறகில் வருவது மாதிரியான மின்னும் நிறத்தைச் செடியிலிருந்து எடுத்த பொருளை வைத்தே செய்கிறார்களாமே, உண்மையா? சாயத்துக்கு மாற்றாக வருமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பாதிக்குப் பதில், ஆமாம். நானே கலக்கிப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது பாதிக்கு, பெரும்பாலும் வராது என்றுதான் சொல்வேன்.

நான் எடுத்தது ஹைட்ராக்சிபுரோப்பைல் செல்லுலோஸ். செடிகளின் செல்சுவரைக் கட்டும் நார்ப்பொருளான செல்லுலோஸைச் சற்றே மாற்றிச் செய்த வெள்ளைப் பொடி. மாத்திரைகளில் சேர்ப்பார்கள், உணவிலும் இ463 என்ற எண்ணில் சேர்ப்பதுண்டு. நூற்றுக்கு 65 பங்கு பொடி, 35 பங்கு தண்ணீர். கிளறக் கிளறக் கை வலித்ததுதான் மிச்சம். கிடைத்தது நுரை மண்டிய வெள்ளைக் களி. ஏமாற்றத்தோடு மூடி ஓரமாக வைத்துவிட்டேன். சில நாள் கழித்துக் குமிழிகள் மேலேறி அடங்கியிருந்தன. கொஞ்சம் எடுத்து இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து, பின்னால் கறுப்புத் தாளைப் பிடித்தேன். பளிச்சென்று பச்சை! கட்டைவிரலால் அழுத்தினால் அழுத்திய இடம் மட்டும் நீலமாகிறது. விட்டால் மெல்ல மெல்லப் பச்சைக்குத் திரும்புகிறது. அன்றைக்கு வேறு வேலையே ஓடவில்லை.

ஏன் இப்படி? சீட்டுக்கட்டை அடுக்கும்போது ஒவ்வொரு சீட்டையும் கீழே உள்ளதைவிட ஒரு துளி திருப்பி வைப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். செல்லுலோஸ் இழைகள் அப்படித்தான் அடுக்கு அடுக்காக முறுக்கிக்கொள்கின்றன. ஒரு முழுச் சுற்றின் உயரத்தை ஒளிவிலகல் எண்ணால் (அந்தப் பொருளுக்குள் ஒளி எத்தனை மடங்கு மெதுவாகிறது என்று சொல்லும் எண்) பெருக்கினால், நேராகப் பார்க்கும்போது எந்த அலைநீளம், அதாவது எந்த நிறம், திரும்பி வரும் என்று தெரிந்துவிடும். சுற்று ஏறக்குறைய 350 நானோமீட்டர் என்றால் பச்சை. அழுத்தினால் சுற்று குறுகும், நிறம் நீலத்துக்கு நகரும். தண்ணீர் கூடினால் சுற்று அகலும், சிவப்புப் பக்கம் போகும். அப்புறம் இன்னொன்று: ஒரு பக்கமாக முறுக்கிய அடுக்கு, ஒரு பக்கமாகச் சுழலும் ஒளியை மட்டுமே திருப்பி அனுப்பும். முப்பரிமாணப் படம் பார்க்கச் சுழல் ஒளிக் கண்ணாடி ஒன்று தருவார்களே, அதைப் போட்டுக்கொண்டு ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஒரு கண்ணுக்கு நிறம் இருக்கும், மறு கண்ணுக்குக் காணாமல் போகும்.

செடிகளுக்கு இது பழைய வித்தை. ஆப்பிரிக்கக் காடுகளில் போலியா காண்டென்சாட்டா என்ற செடியின் காய் உலோகம் மாதிரி நீலமாக மின்னும். நீல நிறமி துளிகூடக் கிடையாது. தோலின் செல்சுவரில் உள்ள செல்லுலோஸ் முறுக்கு செய்யும் வேலை அது என்று 2012-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள். 19ஆம் நூற்றாண்டில் பறித்து உலர்த்தி வைத்த காய்கள்கூட இன்னும் மங்கவில்லை. உள்ளே சதைப்பற்று என்று ஒன்றும் இல்லாத காய் என்பதால் 'போலியா' என்ற பெயர் நம் காதுக்குப் பொருத்தமாகவே விழுகிறது.

சரி, சாயத்துக்கு ஏன் மாற்றாகாது? என் கண்ணாடித் தகடே பதில் சொன்னது. ஓரத்தைச் சரியாக அடைக்கவில்லை. தண்ணீர் வெளியேற வெளியேற விளிம்பு நீலமாகி, பிறகு நிறமே இல்லாமல் வெறும் கண்ணாடி போல ஆகிவிட்டது. கறுப்புத் தாளை எடுத்துவிட்டு வெள்ளைத் தாளை வைத்தால் நிறம் வெளுத்துப் போகிறது. சாய்த்துப் பார்த்தால் வேறு நிறம். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே சிவப்பு வேண்டும் என்பவருக்கு இதெல்லாம் தலைவலி.

ஆனால் சாய்த்தால் மாறுவதே அழகு என்கிற ஒரு பொருள் இருக்கிறது: ஜிகினா. பஞ்சையோ மரக்கூழையோ கந்தக அமிலத்தில் கரைத்தெடுத்தால் மிஞ்சும் நானோ படிகங்கள், தண்ணீரில் தாமாகவே முறுக்கி அடுக்கிக்கொள்ளும் என்று 1992-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகக் குழு கண்டது. அந்தக் கரைசலை உலர்த்தினால் நிறம் அப்படியே படலத்தில் தங்கிவிடும். என் களியைப் போல ஓடிப்போகாது. 2021-இல் கேம்பிரிட்ஜில் அதை நீளச் சுருளாக வார்த்து, அரைத்து ஜிகினாவாக்கியே காட்டினார்கள். 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் பிளாஸ்டிக் ஜிகினாத் தூளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்த பிறகு இதன் மவுசு கூடியிருக்கிறது. நான் பணம் கட்டுவதென்றால் இந்தப் பக்கம்தான் கட்டுவேன்.

நீங்களே செய்து பார்க்க ஆசைப்பட்டால் அமிலத்தின் பக்கம் போகவே வேண்டாம், களியே போதும். தண்ணீர் குளிர்ந்ததாக இருக்கட்டும், வெந்நீரில் அந்தப் பொடி கரையாது. விளிம்பை மட்டும் நன்றாக அடைத்துவிடுங்கள்.