மலைக்காற்றும் வயிற்றுக் கோளாறும்: கேள்வி – பதில்

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மலச்சிக்கல் விடவே மாட்டேன் என்கிறது. டீதான் காரணமா? ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறேன். – வாசகி, கோத்தகிரி

டீ மேல் மட்டும் பழி போடாதீர்கள். குளிரில் தாகம் தெரியாது, தண்ணீர் குறைந்துவிடும். அதைவிடப் பெரிய காரணம், பறிக்கும் இடத்தில் கழிப்பறை இல்லாமல் அடக்கிவைப்பது. அடக்க அடக்க, பெருங்குடல் மலத்தில் உள்ள நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இறுகும்; நாளடைவில் போக வேண்டும் என்ற உணர்வே மங்கிவிடும்.

அரை மணி நேரம் முன்னதாக எழுந்து வெந்நீர் குடித்து, சிற்றுண்டியை முடியுங்கள். சாப்பிட்ட கால் மணி நேரத்தில் குடல் தானாக அசையும். அப்போது போய் உட்காருங்கள். பிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுபோங்கள். ஒருவேளை சோற்றுக்குப் பதில் ராகிக் களி நல்லது: 100 கிராம் ராகியில் சுமார் 11 கிராம் நார்ச்சத்து, தீட்டிய பச்சரிசியில் 3 கிராம்கூட இல்லை.

இரும்பு மாத்திரையும் மலத்தை இறுக்கும், கறுப்பாக்கும். அதற்காக நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் மலம் தார் போல ஒட்டினாலோ, ரத்தம் கலந்தாலோ, உடல் மெலிந்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். டீக்கும் மாத்திரைக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.

ராஜ்மா குழம்பு மதுரையில் அக்கா வீட்டில் சாப்பிட்டால் ஒன்றும் செய்வதில்லை. இங்கே செய்தால் வயிறு உப்புகிறதே? – வாசகர், கொடைக்கானல்

வேகாததுதான் காரணமாக இருக்கும். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் எவ்வளவு எரித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. அரைவேக்காட்டு மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள கிருமிகளால் நொதித்து வாயுவாகும். ராஜ்மா அரைவேக்காடாக இருந்தால் வாந்தி, பேதியே வரலாம். எனவே குக்கர் கட்டாயம்.

குளிர்ந்த தண்ணீரில் சரியாக ஊறாது. வெதுவெதுப்பான நீர் ஊற்றி, அடுப்பு மேடையோரம் 10 முதல் 12 மணி நேரம் வையுங்கள். வாயு உண்டாக்கும் சர்க்கரைகள் இறங்கியிருக்கும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மதுரையில் நாலு விசில் என்றால் இங்கே ஆறு. பிரஷர் தானாக அடங்கட்டும். விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைக் கட்டி இல்லாமல் மசிய வேண்டும். புளி, தக்காளி எல்லாம் அதற்குப் பிறகுதான். புளிப்பு முன்னால் சேர்ந்தால் தோல் மெத்தென்று ஆகவே ஆகாது.

வாயுவுக்கு மலைப்பூண்டைப் பாலில் வேகவைத்துத் தினமும் குடிக்கிறேன். இன்னும் பொருமுகிறது. – வாசகி, பூம்பாறை

புவிசார் குறியீடு வாங்கிய பூண்டைக் குறை சொல்வதாக நினைக்காதீர்கள்! பூண்டில் உள்ள ஃப்ரக்டான் என்ற மாவுப்பொருள், பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை இரண்டுமே சிலருக்கு வாயுவைக் கூட்டும். இரண்டையும் இரண்டு வாரம் நிறுத்துங்கள். பிறகு பாலை மட்டும் சில நாள், அப்புறம் பூண்டை மட்டும் சில நாள் சேர்த்தால் எது ஆகவில்லை என்று தெரியும். பூண்டுதான் என்றால், முழுப் பற்களை எண்ணெயில் வதக்கி எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் ரசம் தாளியுங்கள். ஃப்ரக்டான் எண்ணெயில் கரையாது. வாசனை மட்டும் இறங்கும்.