கிம்ப்பில் பைதான்-ஃபூ மெனுவே காணோம், எப்படிச் சேர்ப்பது?

உபுண்டு 24.04 லினக்ஸில் ஆப்ட் (அதன் மென்பொருள் நிறுவும் கருவி) மூலம் கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளை நிறுவியிருக்கிறீர்கள். ஸ்கிரிப்ட்-ஃபூ மெனு இருக்கிறது, பைதானில் எழுதியவற்றை ஓட்டும் பைதான்-ஃபூ இல்லை, கையில் ஒரு பழைய பைதான் பிளக்-இன் (கூடுதல் வசதி தரும் சிறு நிரல்) இருக்கிறது.

உங்களிடம் இருப்பது கிம்ப் 2.10. அதன் பைதான் ஆதரவு பைதான் 2.7-ஐயும், பைதானில் ஜன்னல், பொத்தான் வரைய உதவும் பைஜிடிகே-யையும் நம்பியிருந்தது. பைதான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்தது, உபுண்டு 20.04 முதலே கிம்ப்பின் பைதான் பேக்கேஜைத் தூக்கிவிட்டார்கள். பழைய டெப் கோப்புகளைத் (உபுண்டுவின் நிறுவல் கோப்புகள்) தேடிப்பிடித்து ஒட்டவைக்கும் வழிகள் இணையத்தில் கிடைக்கும். தயவுசெய்து வேண்டாம். அடுத்த அப்டேட்டில் அது உடையும், சில சமயம் ஆப்ட்டையே சிக்கலில் விடும்.

சரியான வழி 2025 மார்ச்சில் வந்த கிம்ப் 3.0-க்கு மாறுவதுதான். இதில் பைதான் 3 ஆதரவு உண்டு. ஆப்ட் பதிப்பை நீக்கிவிட்டு, ஃபிளாட்ஹப் தளத்திலிருந்து ஃபிளாட்பேக்காக (தேவையானதையெல்லாம் தன்னோடு கொண்டுவரும் தொகுப்பு) நிறுவுங்கள். திறந்ததும் ஃபில்டர்ஸ், டெவலப்மென்ட், பைதான்-ஃபூ என்று போனால் கன்சோல் தெரிய வேண்டும். விண்டோஸில் நிறுவுபவர்கள் இன்ஸ்டாலரில் கஸ்டமைஸ் கொடுத்து, பைதான் டிக் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பிளக்-இன். பெரும்பாலோர் தடுக்கி விழுவது இங்கேதான். எடிட், பிரிஃபரன்சஸ், ஃபோல்டர்ஸ், பிளக்-இன்ஸ் பக்கத்தில் பாதை காட்டும். 2.10-ல் பைதான் கோப்பை நேராக அங்கே போட்டால் போதும். 3.0-ல் அப்படிப் போட்டால் கண்டுகொள்ளாது. கோப்பின் பெயரிலேயே ஒரு துணை ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் வைக்க வேண்டும்: கோப்பு 'நிழல்.பிஒய்' என்றால் ஃபோல்டர் 'நிழல்' (உண்மையில் பெயரை ஆங்கில எழுத்தில் வையுங்கள்). ஓர் எழுத்து மாறினாலும் மெனுவில் வராது, பிழைச் செய்தியும் கண்ணில் படாது. லினக்ஸில் கோப்புக்கு எக்சிகியூட் அனுமதியும் கட்டாயம்.

இவ்வளவும் செய்தும் வரவில்லையா? கிம்ப்பை டெர்மினலிலிருந்து திறங்கள். டிரேஸ்பேக் (எந்த வரியில் பிழை என்று காட்டும் செய்தி) அங்கேதான் விழும். விண்டோஸில் எழுதிய கோப்பு என்றால் வரி முடிவுகளைப் பாருங்கள். எந்த நிரலால் ஓட்டுவது என்று சொல்லும் முதல் வரியின் கடைசியில் கேரியேஜ் ரிட்டர்ன் (விண்டோஸ் வரி முடிவில் சேர்க்கும், கண்ணுக்குத் தெரியாத குறி) ஒட்டியிருந்தால், 'பைதான்3' என்ற பெயரோடு அதுவும் சேர்ந்துகொள்ளும். அப்படியொரு நிரலே சிஸ்டத்தில் கிடையாது.

உங்கள் பழைய பிளக்-இன் அப்படியே ஓடாது. பைதான் 3-க்காக பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி போடுவதோடு வேலை முடியாது, ஏனென்றால் பழைய பிளக்-இன்கள் நம்பியிருந்த 'கிம்ப்ஃபூ' மாட்யூலே இப்போது இல்லை. 'கிம்ப்.பிளக்இன்' கிளாஸிலிருந்து ஒரு கிளாஸ் எழுதி, புரொசீஜர் (பிளக்-இன் செய்யும் செயல்) பெயர்களைத் தரும் ஒரு மெதடும், அவற்றை உருவாக்கும் ஒரு மெதடும் கொடுக்க வேண்டும். ரன் ஃபங்ஷனுக்கு இப்போது ஒரு டிராயபிள் (லேயர் போன்ற, வரையக்கூடிய பரப்பு) அல்ல, டிராயபிள்களின் பட்டியல் வரும்; பழைய கோடு அதிகம் உடைவது இதில்தான். முதல் உறுப்பை எடுத்துக்கொண்டால் பெரும்பாலான ஃபில்டர்களுக்குப் போதும். மாற்றங்களை அன்டூ குரூப்பின் (ஒரே அன்டூவில் நீங்கும் தொகுப்பு) தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே வையுங்கள். இல்லாவிட்டால் பயனர் கன்ட்ரோல்-இசட்டை இருபது தடவை அழுத்த வேண்டிவரும்.

ஒன்று மறக்காதீர்கள்: ஃபிளாட்பேக்குக்குள் இருப்பது தனி பைதான். சிஸ்டத்தில் பிப் (பைதான் நூலகங்களை நிறுவும் கருவி) மூலம் போட்ட நம்பை என்ற எண்கணித நூலகம் அதற்குத் தெரியாது. நம்பை அவசியம் என்றால் டெபியன் 13-ன் ஆப்ட் பதிப்பு வசதி, அது 3.0-தான், சிஸ்டத்தின் பைதானையே பயன்படுத்துகிறது.