சூரை மீன் ஏன் சிவப்பு என்று கேட்ட பெண்ணின் அம்மாவுக்கு

அம்மா, வணக்கம்.

சனிக்கிழமை மகளின் படிப்பைப் பற்றிப் பேச அவளோடு கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு என்னிடம் வந்தீர்கள். தேவனாம்பட்டினம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசரமாகக் கிளம்பிவிட்டீர்கள். சொல்ல வேண்டியதில் பாதி என்னிடமே தங்கிவிட்டது, அதனால் எழுதுகிறேன். பிள்ளையின் அப்பாவும் படிக்கட்டும்.

பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் தசைப் பாடத்துக்கு 10-க்கு 3 மதிப்பெண். "இவ எப்படி சார் நீட் எழுதுவா?" என்று கேட்டீர்கள். அந்த விடைத்தாளை நன்றாகவே பார்த்தேன். தசைச் செல்லுக்குள் வரிசையாக அடுக்கியிருக்கும் சார்கோமியர் என்ற சுருங்கும் அலகின் படத்தை ஒரு கோடு பிசகாமல் வரைந்திருக்கிறாள். விளக்கம்தான் பாதியில் நின்றுவிட்டது. ஏன் என்று கேட்டேன். "அந்த இழை எப்படிச் சின்னதா ஆகும்னு புரியல சார். மனப்பாடம் பண்ணேன், நிக்கல" என்றாள்.

அவள் குழம்பியது சரியான இடத்தில்தான். தசை சுருங்கும்போது உள்ளே இருக்கும் புரத இழையே மடங்கிக் குட்டையாகிறது என்றுதான் ஒரு காலத்தில் விஞ்ஞானிகளும் நினைத்தார்கள். 1954-ல்தான் அது மாறியது. ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடர்கெர்கேவும் ஒரு பக்கம், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சன் என்ற பெண் விஞ்ஞானியும் இன்னொரு பக்கம், 'நேச்சர்' என்ற அறிவியல் பத்திரிகையின் ஒரே இதழில் ஒரே முடிவை எழுதினார்கள். இரண்டு ஹக்ஸ்லிகளும் உறவுக்காரர்கள் அல்ல. இழைகள் குட்டையாவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று நழுவுகின்றன என்பதுதான் அந்த முடிவு.

இரண்டு கை விரல்களையும் நுனியில் மட்டும் கோக்கச் சொன்னேன். அப்புறம் உள்ளே தள்ளச் சொன்னேன். மணிக்கட்டுகள் நெருங்கின, விரல்களின் நீளம் அப்படியேதான் இருந்தது. ஒரு கை ஆக்டின் என்ற மெல்லிய இழை, இன்னொரு கை மையோசின் என்ற தடித்த இழை. இந்தச் சின்ன நகர்வு ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் நானூறு, ஐந்நூறு சார்கோமியர்களில் ஒரே சமயத்தில் நடக்கிறது. அதனால்தான் நீங்கள் மீன் கூடையைத் தூக்கித் தலையில் வைக்க முடிகிறது. விரல்களைக் கோத்துக்கொண்டே அவள் முகம் மாறியதை நீங்களும் பார்த்தீர்கள்.

மீதிக் கதையை நீங்களே அவளுக்குச் சொல்லித்தரலாம். துறைமுகத்தில் மீனைக் கையில் எடுத்ததும் விறைப்பு இருக்கிறதா என்று பார்ப்பீர்கள் இல்லையா? மையோசினின் தலை ஆக்டினைப் பற்றி இழுக்கிறது. பிடித்த பிடியை விடுவதற்கு ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு வந்து ஒட்ட வேண்டும். உயிர் போனபின் ஏடிபி தீர்ந்துவிடும், பிடி பிடித்தபடியே இறுகிவிடும். அதுதான் அந்த விறைப்பு. நேரம் போகப் போகப் புரதங்கள் சிதைந்து உடல் தொய்ந்துவிடுகிறது. கால்சியத்தின் வேலையைக் கேட்டிருந்த இரண்டு மதிப்பெண் கேள்வியையும் இதோடு சேர்த்துவிடலாம். நரம்பிலிருந்து கட்டளை வந்ததும் செல்லுக்குள் சேர்த்து வைத்திருக்கும் கால்சியம் வெளிவந்து, ஆக்டின்மேல் இருக்கும் மூடியை விலக்குகிறது. மூடி விலகினால்தான் மையோசின் பிடிக்க முடியும். இவ்வளவுதான் அம்மா, அந்தப் பாடத்தின் உயிர்.

கிளம்பும்போது அவள் ஒன்று கேட்டாளே, ஞாபகம் இருக்கிறதா? "சூரை ஏன் சார் கருஞ்சிவப்பா இருக்கு, கொடுவா ஏன் வெள்ளையா இருக்கு?" இத்தனை வருஷமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன், இப்படித் தானாகக் கேட்பவர்கள் குறைவு. சூரை நிற்காமல் நீந்தும் மீன். அதன் தசைச் செல்களில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மையோகுளோபின் நிறைய, அதுதான் சிவப்பு. கொடுவா பதுங்கியிருந்து பாயும். வெள்ளைத் தசை வேகமாகச் சுருங்கும், சீக்கிரம் களைத்தும் போகும். நம் உடம்பில் இரண்டு வகையும் கலந்திருக்கின்றன. மணிக்கணக்காக நின்று மீன் விற்கிற உங்கள் கெண்டைக்காலின் உள்தசையில் பெரும்பாலும் களைக்காத வகைதான். அந்தக் காலுக்கும் கெண்டை மீன் பெயரைத்தானே வைத்திருக்கிறோம்.

அவளுக்குப் பிசியோதெரபி பிடித்திருக்கிறது. அவள் அப்பா "எண்ணெய் தேய்த்து உருவிவிடுற வேலைக்கா இவ்வளவு படிப்பு?" என்றாராம். அவருக்கு ஒன்று சொல்ல வேண்டும். என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. திருப்பாதிரிப்புலியூர் வீட்டுக்கு வாரம் இரண்டு நாள் ஒரு பிசியோதெரபிஸ்ட் வருவார். முதல் நாளே எங்களுக்குப் புரியவைத்தார்: கெட்டுப்போனது கைத்தசை இல்லை, மூளையிலிருந்து வரும் கட்டளைதான் அறுந்திருக்கிறது, சும்மா கிடந்தால் நல்ல தசையும் இளைத்துவிடும். எந்த மூட்டை எவ்வளவு மடக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அவருக்குக் கணக்கு. ஐந்து மாதம் கழித்து அப்பா டம்ளரைத் தானே எடுத்துக் காபி குடித்தார். அந்தக் கணக்குதான் படிப்பு.

இதய மருத்துவராக வேண்டும் என்றாலும் ஆரம்பம் இதே செல்தான். கை, கால் தசையில் பழுதுபார்க்கத் தனியாகத் துணைச் செல்கள் உண்டு, 1961-ல் கண்டுபிடித்தார்கள். இதயத் தசைக்கு அந்த வசதி இல்லை. மாரடைப்பில் செத்த இடம் தழும்பாகவே நின்றுவிடும்.

ஆகவே நீட்டை விட வேண்டாம். மொத்தம் 720-ல் 360 உயிரியலுக்குத்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்பதால் மருத்துவச் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அவளுக்கு இருக்கிறது. ஆனால் மருத்துவர், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்ற பேச்சை மட்டும் அவள் காதுபடப் பேசாதீர்கள். பி.பி.டி. என்ற பிசியோதெரபி பட்டப்படிப்பு இருக்கிறது. மீனே பிடிக்கும் என்றால் தூத்துக்குடியில் மீன்வள அறிவியல், நம் மாவட்டத்திலேயே பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல். 2021-ல் வந்த, துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டத்துக்குப் பிறகு பிசியோதெரபி படிப்பின் விதிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. போன வருஷம் சேர்ந்தவர் சொன்னதை நம்பாமல், அவள் சேரும் வருஷத்து விளக்கக் குறிப்பேட்டைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிப்போம். தனியார் கல்லூரி என்றால் எந்தப் பல்கலைக்கழக இணைப்பு என்று பார்க்காமல் யாரிடமும் முன்பணம் கொடுக்காதீர்கள்.

அடுத்த சனிக்கிழமை அவள் அப்பாவையும் அழைத்து வாருங்கள், கடலுக்குப் போகாத நாளாக இருந்தால். வீட்டில் சூரை வாங்கினால் வெட்டும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். முதுகெலும்பை ஒட்டிக் கருஞ்சிவப்பாக ஒரு பட்டை ஓடும். அதையும் வெளுத்த சதையையும் தனித்தனியாக எடுத்து, படம் வரைந்து கொண்டுவரச் சொல்லுங்கள். இந்த முறை விளக்கத்தை அவளே எழுதட்டும்.